மொட்டை மாடியில் ஒரு கைமாற்று

நாகரசம்பட்டியில் சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடி ஏறினால், செருப்பில்லாமல் ஓர் அடிகூட வைக்க முடியாது. "செருப்பைக் கழட்டாதீங்க தம்பி, கால் வெந்துடும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஏறினார் அந்த வீட்டுக்காரர். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடியின் தெற்குப் பக்கம் நான்கு சோலார் பலகைகள் சாய்ந்து நின்றன. மேலே மெல்லிய வெள்ளைத் தூசி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் தூசி புதிதில்லை. அதற்காக ஒரு பக்கெட்டும் நீளக் கழியில் கட்டிய ஸ்பாஞ்சும் தொட்டியடியில் தயாராக இருந்தன. வாரத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்குள் துடைத்துவிடுகிறார். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது பலகை மாட்டிய பையன்கள் சொல்லிவிட்டுப் போன பாடம்.

அவர் எனக்குக் காட்ட விரும்பியது பலகைகளை அல்ல. கீழே வராந்தாவில், மீட்டர் பெட்டிக்கு மேல் ஆணியில் தொங்கிய நாற்பது பக்க நோட்டைத்தான் எடுத்துக் கையில் கொடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மூன்று கட்டங்கள்: வந்தது, போனது, மிச்சம். ஒரு பில் காலத்துக்கு அவர் எழுதியிருந்த எண்கள் இவை. ஈ.பி.யிலிருந்து வந்தது 470 யூனிட். மாடியிலிருந்து ஈ.பி.க்குப் போனது 290 யூனிட். மிச்சம் 180. பில் 188 ரூபாய்.

பலகை போடுவதற்கு முன் இதே வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு பில் 3,069 ரூபாய். வீட்டில் ஓடும் சாமான் எதுவும் குறையவில்லை. ஒரு ஏ.சி., ஒரு ஃபிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பலகைகள் மொத்தம் 440 யூனிட் தந்தன. அதில் 150 பகலிலேயே வீட்டுக்குள் செலவாகிவிட்டது. மீதி 290 கம்பி வழியாக வெளியே போனது.

"முப்பது வருஷம் லாப நஷ்டக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனா இந்த ஒரு கணக்குக்கு மட்டும் நேரா விடை வரமாட்டேங்குது. என் வீட்டு மேல விழுற வெயிலுக்கு யூனிட்டுக்கு என்ன விலை?"

தமிழ்நாட்டில் மாடியில் பலகை மாட்டிய எல்லோரும் என்றைக்காவது கேட்கும் கேள்விதான் இது. விடை ஆளுக்கு ஆள் மாறும், ஆண்டுக்கு ஆண்டு மாறும், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் அடியோடு மாறும். வெயில் மட்டும் மாறுவதில்லை.

மூன்று வீடு, மூன்று விலை

முதலில் வாத்தியார் வீட்டுக் கணக்கு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016-ல் வந்த சலுகை அது. அதற்கு மேல் ஏணிப்படிதான். 2024 ஜூலை உயர்வுக்குப் பின், அரசு மானியம் போக மக்கள் கையிலிருந்து கட்டும் விலை இப்படி: மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்கிறவருக்கு 101 முதல் 200 வரை 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2 ரூபாய் 35 காசுப் படியே காணாமல் போய், 101-லிருந்தே 4 ரூபாய் 70 காசு. மேலே போகப் போக 8.40, 9.45, 10.50 என்று ஏறி, 1,000 யூனிட்டுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 11 ரூபாய் 55 காசு.

மாடியில் விளையும் யூனிட் இந்த ஏணியை மேலிருந்து கீழாகத் தின்கிறது. முதலில் அழிவது விலை கூடிய யூனிட்தான். வாத்தியாருக்கு 440 யூனிட்டால் மிச்சமான பணம் 2,881 ரூபாய். வகுத்தால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 55 காசு.

இதே ஊரில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓட்டும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பில் 705 ரூபாய். ஒரு கிலோவாட் பலகை போட்டு 220 யூனிட் விளைவித்தால் பில் பூஜ்யமாகிவிடும். ஆனால் மிச்சமாவது அதே 705 ரூபாய்தான். யூனிட்டுக்கு 3 ரூபாய் 20 காசு. முதல் 100 யூனிட்டை அரசே சும்மா கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அங்கே போய் நிற்கும் சூரியனுக்கு வேலையில்லை. இன்னொரு பக்கம் ஓசூரில் நாலு ஏ.சி. ஓடும் ஒரு மாடி வீடு, 1,200 யூனிட். வாத்தியாரிடம் இருக்கும் அதே பலகை, அதே 440 யூனிட். அங்கே அதன் மதிப்பு யூனிட்டுக்கு 10 ரூபாய் 88 காசு.

ஒரே மாவட்டம், ஒரே வெயில். ஏற்கெனவே வசதியாக இருக்கிற வீட்டுக்குப் பலகை மூன்று மடங்கு சம்பாதித்துக் கொடுக்கிறது. கரண்டைச் சிக்கனமாகப் பிடிக்கிற வீட்டுக்கு அது பத்து வருஷத்துக்கு மேல் ஆறப்போட வேண்டிய முதலீடு. மேற்கூரை சோலாரில் குஜராத் முன்னால் ஓட, தமிழ்நாடு பின்தங்கி நிற்பதற்கு அக்கறையின்மையைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே பெரும்பாலான வீடுகளின் பில்லே அவ்வளவு சிறியது.

கைமாற்றும் சந்தையும்

பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்று வாங்கினால், ஒரு படி அரிசிதான் திருப்பிக் கொடுப்போம். வாங்கிய அன்றைக்கு அரிசி என்ன விலை, திருப்பும் அன்றைக்கு என்ன விலை என்று யாரும் பார்ப்பதில்லை. 'நெட் மீட்டரிங்' என்று சொல்கிறார்களே, அது இந்தக் கைமாற்றுதான். பகலில் நான் உனக்கு ஒரு யூனிட், ராத்திரி நீ எனக்கு ஒரு யூனிட். கூட்டிக் கழித்து மிச்சத்துக்கு மட்டும் காசு. கொடுத்தது அதிகமானால் அது அடுத்த பில்லில் வரவாக நிற்கும்.

இன்னொரு முறையும் உண்டு. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்துத் தக்காளியை வியாபாரி கேட்ட விலைக்குப் போட்டுவிட்டு, சாயங்காலம் குழம்புக்கு அதே தக்காளியைக் கடை விலைக்கு வாங்கி வருவது. 'நெட் ஃபீட்-இன்' என்பது அந்த வகை. போன யூனிட்டுக்கு ஒரு விலை, வந்த யூனிட்டுக்கு வேறு விலை.

தமிழ்நாடு பத்து ஆண்டுக்குள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டது.

2012 யாருக்கும் மறந்திருக்காது. கிராமங்களில் பாதி நாள் கரண்ட் இல்லாத காலம். வீட்டுக்கு வீடு பேட்டரி இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாடு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டார். 2015-க்குள் 3,000 மெகாவாட் என்பது இலக்கு. வீட்டு மாடியில் விளையும் யூனிட்டுக்கு முதல் இரண்டு ஆண்டு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டு 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டு 50 காசு என்று ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2011-ல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டின் மேல் ஒரு சின்னப் பலகையும் உள்ளே ஐந்து சி.எஃப்.எல். விளக்கும் வைத்துக் கொடுத்தார்கள். கிராமத்துக்குப் பலகையை முதலில் அறிமுகம் செய்தவை அந்த வீடுகள்தான். ஆனால் அங்கே கைமாற்று கிடையாது. விளைந்தது பேட்டரிக்குப் போனது, பேட்டரி செத்தபோது கதை முடிந்தது.

மாடிக்கும் ஈ.பி. கம்பிக்கும் கணக்கு வைக்கும் முறையை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2013 நவம்பர் 13-ம் தேதி ஆணையாகப் போட்டது. யூனிட்டுக்கு யூனிட். ஆனால் இரண்டு முடிச்சுகள் இருந்தன. கணக்காண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடியும். அந்த ஆண்டில் நீங்கள் செலவழித்ததில் 90 சதவீதம் வரைதான் வரவாக ஒப்புக்கொள்வார்கள். ஆண்டுக் கடைசியில் மிச்சமிருக்கும் வரவு காலாவதி, புதுக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பத்து சதவீதமாவது எங்களிடம் வாங்கிக்கொள் என்பதுதான் அதன் அர்த்தம். குறை சொல்வதற்கில்லை, கைமாற்று கைமாற்றாகவே இருந்தது.

2019 பிப்ரவரியில் புதிய கொள்கை வந்தது. 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோரின் கூரைகளிலிருந்து என்று பெரிய கனவு. கையோடு கையாக, மார்ச் 25-ம் தேதி ஆணையம் போட்ட உத்தரவில் கைமாற்று போய் சந்தை வந்தது. போகும் யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு. வரும் யூனிட்டுக்கு வழக்கமான ஏணிப்படி.

வாத்தியாரின் நோட்டில் இருந்த அதே எண்களை எடுத்து, இன்றைய ஏணிப்படியையே வைத்து, அந்த முறையில் ஒரு தடவை போட்டுப் பார்த்தோம். அவருக்கு உற்சாகமாகிவிட்டது. பேரனின் ஸ்லேட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வந்த 470 யூனிட்டுக்கு 1,616 ரூபாய். போன 290 யூனிட்டுக்கு 2.28 வீதம் 661 ரூபாய் 20 காசு வரவு. கட்ட வேண்டியது 954 ரூபாய் 80 காசு.

அதே பலகை. அதே வெயில். ஒரு முறையில் 188, இன்னொரு முறையில் 955.

"நல்லவேளை, அப்ப நான் சர்வீஸ்ல இருந்தேன், இதுக்கெல்லாம் நேரமில்லை" என்று சிரித்தார்.

2021 அக்டோபர் 22-ம் தேதி ஆணையம் மறுபடி உத்தரவு போட்டு, வீடுகளுக்கு நெட் மீட்டரிங்கைத் திருப்பிக் கொடுத்தது. அதே ஆண்டு மத்திய அரசும் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, 500 கிலோவாட் வரை நெட் மீட்டரிங்குக்கு வழி வைத்திருந்தது. ஆக 2013-ல் பலகை போட்டவருக்கு ஒரு நியாயம், 2019-ல் போட்டவருக்கு ஒரு நியாயம், 2021-க்குப் பிறகு போட்டவருக்கு வேறொரு நியாயம். பலகையின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டு என்கிறார்கள். அதற்குள் விதியின் ஆயுள் இரண்டு தடவை முடிந்துவிட்டது.

அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம்

ஓசூரிலிருந்து பெங்களூரு ரோட்டில் ஜூஜுவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. கன்னடப் பலகை தெரிந்தால் மாநிலம் மாறிவிட்டது என்று அர்த்தம். தமிழ்நாடு கைமாற்றுக்கு ஆணை போட்ட அதே 2013 இலையுதிர் காலத்தில், ஒரு மாதம் முந்திக்கொண்டு, கர்நாடக ஒழுங்குமுறை ஆணையம் தன் பக்கத்துக்கு ஒரு விலை வைத்தது. மானியம் வாங்காமல் கூரையில் பலகை போட்டவருக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் 56 காசு, மானியம் வாங்கியவருக்கு 7 ரூபாய் 20 காசு. வீட்டுச் செலவு போக மிஞ்சும் யூனிட்டுக்கு இந்த விலையை அந்தப் பக்கத்து மின் நிறுவனமான பெஸ்காம் பணமாகவே கொடுக்கும், அதுவும் 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டு.

எல்லையோரத்தில் இரண்டு பக்கமும் நிலபுலன் உள்ள குடும்பங்கள் உண்டு, இரண்டு மொழியும் பேசுகிற வீடுகள் உண்டு. அண்ணன் வீட்டு மாடி தமிழ்நாட்டில், தம்பி வீட்டு மாடி கர்நாடகத்தில் என்றால், அண்ணனுக்கு ஆண்டுக் கடைசியில் காலாவதி, தம்பிக்கு வங்கியில் வரவு. சூரியனுக்கு மாநிலம் தெரியாது, மீட்டருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த விலை நிலைக்கவில்லை. பலகை விலை வேகமாக இறங்கிய காலம் அது. 2016 மே மாதம் புதிதாகச் சேரும் சின்னக் கூரைகளுக்கு 7 ரூபாய் 8 காசு என்று குறைத்தார்கள், அதன் பிறகும் இறக்கம்தான். முன்னால் கையெழுத்துப் போட்டவர் பிழைத்தார். இப்போது அந்தப் பக்கம் கிருஹ ஜோதித் திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம் என்றாகிவிட்டதால், சின்ன வீடுகளுக்குப் பலகை மேல் இருந்த ஆசை அங்கேயும் தணிந்திருக்கும்.

மீட்டர் பின்னால் ஓடிய கதை

பழைய மீட்டர் நினைவிருக்கிறதா? கண்ணாடிக்குள் அலுமினியச் சக்கரம் மெதுவாகச் சுழலும், அதில் ஒரு கறுப்புக் கோடு வந்து வந்து போகும். 1979 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்ற கட்டடக்கலைஞர் தான் கட்டிய கட்டடங்களில் பலகை மாட்டி, மின்கம்பியோடு இணைத்தபோது, வெயில் அதிகமான நேரத்தில் அந்தச் சக்கரம் தானாகப் பின்னோக்கிச் சுழன்றது. நெட் மீட்டரிங் என்ற கொள்கைக்குத் தொடக்கம் எந்த நிபுணர் குழுவும் இல்லை, அந்தச் சக்கரத்தின் சுபாவம்தான். 1983-ல் மினசோட்டா மாநிலம் அதற்குச் சட்டம் போட்டது.

இப்போதைய டிஜிட்டல் மீட்டரில் சக்கரம் இல்லை. சிவப்பு விளக்கு மட்டும் கண் சிமிட்டும். சாதாரண மீட்டரில் கரண்டை வெளியே அனுப்பினால் கழித்துக்கொள்ளாது. சிலவகை மீட்டர்கள் அதையும் செலவாகவே கூட்டிவிடும். அதனால்தான் போவதையும் வருவதையும் தனித்தனியாக எண்ணும் இருவழி மீட்டர் மாட்டும்வரை பலகையை ஓடவிடக் கூடாது என்கிறார்கள். வாத்தியார் வீட்டில் பலகை ஏறியதற்கும் மீட்டர் மாறியதற்கும் நடுவே சில வாரங்கள் ஓடின. தினமும் காலையில் மாடிக்குப் போய், சும்மா காய்ந்துகொண்டிருந்த பலகைகளைப் பார்த்துவிட்டு இறங்குவாராம். "கல்யாணம் ஆகி பொண்ணு வீட்டுக்கு வராத மாதிரி இருந்துச்சு" என்றார் அவர் மனைவி, காபி டம்ளரை நீட்டியபடி.

போன கரண்ட் எங்கே போகிறது என்பது இன்னொரு வேடிக்கை. அது சென்னைக்கோ மேட்டூருக்கோ போவதில்லை. எங்கே அருகில் சுவிட்ச் போட்டிருக்கிறதோ அங்கே போகும். பெரும்பாலும் பக்கத்து வீடு. வாத்தியார் இதை அடுத்த வீட்டு அம்மாவிடம் ஒருநாள் விளக்கிச் சொல்லப்போக, அவர் இன்றுவரை விடுவதாயில்லை. நான் இருந்தபோதுகூட மதில் மேல் எட்டிப் பார்த்து, "உங்க மாடி வெயில்லதான் எங்க மிக்சி ஓடுதுன்னீங்களே சார், அப்ப இந்தத் தடவை பில்லை உங்ககிட்டயே கொடுத்துடட்டுமா?" என்றார்.

கிண்டலில் விஷயம் இருக்கிறது. அந்த அம்மா தன் ஏணிப்படிக்கு ஏற்ற விலையை ஈ.பி.க்குக் கட்டுகிறார். ஈ.பி. அந்த யூனிட்டை நூறு மைல் தூரம் கம்பியில் இழுத்து வரவில்லை, வழியில் இழப்பும் இல்லை. மாடிக்காரர்களின் தரப்பு நியாயம் இதுதான்.

மாங்காய் சீசன்

மறுதரப்பு நியாயத்தைப் புரிந்துகொள்ள கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க மாந்தோப்பு. ஒரு தோப்பில் காய்க்கும்போது எல்லாத் தோப்பிலும் காய்க்கிறது. கூழ் தொழிற்சாலை வாசலில் டிராக்டர் வரிசை கட்டி நிற்கும்போது பெங்களூரா மாங்காய்க்குப் பறிகூலி தேறுவதே பெரும்பாடு. அதே மாங்காய் தைமாதம் கிடைத்தால் விலையே வேறு.

நண்பகல் கரண்ட் என்பது சீசன் மாங்காய். எல்லாக் கூரையிலும், கமுதி மாதிரி பெரிய சோலார் பூங்காக்களிலும் ஒரே நேரத்தில் விளைகிறது. நாடளாவிய மின்சாரச் சந்தையில் அந்த நேரத்து விலை தரையைத் தொடும். சாயங்காலம் ஆறரைக்குச் சூரியன் இறங்கியதும் எல்லா வீட்டிலும் லைட்டு, டி.வி., ஏ.சி. ஒன்றாக ஓடத் தொடங்கும்போது, சந்தை விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பைப் போய் முட்டும் நாட்கள் உண்டு. பன்னிரண்டு மணிக்கு வாத்தியார் கொடுத்த யூனிட்டும், ஏழரை மணிக்கு அவர் திருப்பி வாங்கும் யூனிட்டும் ஒரே படி அரிசி இல்லை என்கிறது மின்வாரியத் தரப்பு. கம்பமும் டிரான்ஸ்ஃபார்மரும் லைன்மேனும் ராத்திரிக்கும் வேண்டும், அந்தச் செலவை பில் 188 ரூபாய் கட்டுபவர் எவ்வளவு பங்கு போட்டுக்கொள்கிறார் என்றும் கேட்கிறது.

இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. 1995-லிருந்து கைமாற்று நடத்திய கலிபோர்னியா, 2023 ஏப்ரலில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வரவு மதிப்பை ஏறக்குறைய முக்கால் பங்கு வெட்டியது. பழையவர்களுக்கு வாக்குக் கொடுத்த இருபது ஆண்டை மட்டும் விட்டுவைத்தது. இலங்கையில் 2016-ல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டம், மாடி யூனிட்டுக்கு முதல் ஏழு ஆண்டு 22 ரூபாய், அடுத்த பதின்மூன்று ஆண்டு 15 ரூபாய் 50 சதம் என்று விலை வைத்தது. கூரைகள் நிறைந்தன. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடிக் கிடக்க, கரண்ட் வாங்க ஆளில்லாமல், பகலில் உங்கள் சோலாரை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை மக்களிடம் கேட்டுக்கொண்டது. மாங்காயைத் தோப்பிலேயே விடச் சொன்ன மாதிரி.

நம் ஊருக்கும் அந்தக் காற்று வரும். நேரத்துக்கு ஏற்ப விலை வைக்க வேண்டும், பகலில் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல் என்று மத்திய அரசு 2023-ல் விதியைத் திருத்தியிருக்கிறது. வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகு அது நடைமுறைக்கு வர வேண்டும். அன்றைக்கு வாத்தியாரின் நோட்டில் மூன்று கட்டம் போதாது.

ஓசூர் சிப்காட்டின் கதை கொஞ்சம் வேறு. பகல் ஷிஃப்ட் ஓடும் தொழிற்சாலைக்கு விளைகிற நேரமும் செலவாகிற நேரமும் ஒன்றுதான். கூரையில் விளைந்தது கீழே லேத் மெஷினிலேயே தீர்ந்துவிடும். கைமாற்றுக்கு வேலை குறைவு. ஆனாலும் விளைகிற யூனிட்டுக்கெல்லாம் 'நெட்வொர்க் கட்டணம்' என்று ஒன்றரை ரூபாய் அளவில் கேட்டபோது சிறு தொழில்காரர்கள் கொதித்தார்கள். "எங்க கூரை, எங்க மெஷின், நடுவுல உங்க கம்பி எங்க வந்துச்சு?" என்பது அவர்கள் கேள்வி. 2023-ல் அரசு அதைப் பாதியாகக் குறைத்தது.

போடலாமா, வேண்டாமா?

அட்டைப்படக் கட்டுரை எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் வாசகர்கள் விடமாட்டார்கள்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பலகையும் அதற்குள் இருக்கும் செல்லும் உள்நாட்டில் செய்ததாக இருந்தால்தான் கிடைக்கும். பலகை ஓடத் தொடங்கிய பிறகே பணம் வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே முதலில் முழுத் தொகையும் உங்கள் கையிலோ கடனிலோ இருக்க வேண்டும். 10 கிலோவாட் வரை, உங்கள் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்ற ஆய்வுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று அதே மாதம் விதியும் மாறியது.

கணக்கு இவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடானால் யோசிக்காமல் போடலாம். வாத்தியாருக்கு மானியம் போகக் கையிலிருந்து போனது சுமார் 90,000 ரூபாய். ஆண்டுக்குப் பதினேழாயிரத்துச் சொச்சம் மிச்சம். ஐந்தாண்டு சொச்சத்தில் முதல் திரும்பிவிடும். 300 யூனிட்டுக்குள் இருக்கிற வீடானால் அவசரமில்லை. வீட்டுக்கு வந்து "பில்லே வராது சார்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம், என் பில்லில் எந்தப் படி குறையும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் பேசுங்கள். தேவைக்கு மேல் பலகை போட்டு ஈ.பி.யிடம் காசு பார்க்கலாம் என்று நினைப்பதும் வேண்டாம். இங்கே கிடைப்பது கைமாற்று, சம்பளம் இல்லை.

இன்னொன்று. யாருமே முன்கூட்டிச் சொல்லாத விஷயம். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, சரியாக ஒன்றேகாலுக்கு, ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. மேலே வெயில் கொளுத்துகிறது, நான்கு பலகையும் அதைக் குடித்துக்கொண்டு நிற்கின்றன, கீழே நாங்கள் விசிறியால் விசிறிக்கொண்டிருக்கிறோம். கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால், பலகையை ஈ.பி. கம்பியோடு இணைக்கும் இந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல், ஏதோ ஒரு மாடியிலிருந்து போகும் கரண்ட் பாயும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், வேறு வழியில்லை. கரண்ட் போனாலும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு சேர்ந்த வகை வாங்க வேண்டும், அதன் விலை தனி.

"முதல் தடவை இப்படி ஆனப்போ, ஏமாத்திட்டாங்கன்னு பலகைக்காரப் பையனுக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன்" என்றார் வாத்தியார். "அவன் பொறுமையா லைன்மேன் கதையைச் சொன்னான். அப்புறம் நானே வெட்கப்பட்டு வச்சிட்டேன்."

முக்கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. இன்வெர்ட்டர் உடனே கிளம்பவில்லை. சில நிமிடம் கம்பியை மோப்பம் பிடித்துவிட்டு, பச்சை விளக்கை எரியவிட்டது. வாத்தியார் எழுந்துபோய் மீட்டர் பெட்டியைத் திறந்தார். திரையில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி வந்தன. போனது என்ற எண் வரும்வரை கண்ணாடியை ஏற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நோட்டில் குறித்துக்கொண்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: '45 நிமிடம் கரண்ட் இல்லை. சுமார் 1 யூனிட் நஷ்டம். ஈ.பி.க்கும்தான்.'